பெட்டகத்தில் இருந்ததை எங்கே கொடுப்பது?

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் அம்மாவின் தாய்வீட்டுப் பின்னறையில் ஒரு பெட்டகம் இருக்கிறது. போன மாரியில் கூரை ஒழுகி உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று மாமா அழைத்துச் சொன்னார். போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்து விறாந்தையில் பாயை விரித்துப் பரப்பினோம். மாட்டு வாகடம், அதாவது மாட்டு வைத்தியம், எழுதிய ஏட்டுச்சுவடிக் கட்டு ஒன்று. செம்புப் பூண் போட்ட, நெல் அளக்கும் மரைக்கால். தண்ணீர் குடிக்கிற, மூக்கு வைத்த இரண்டு மூக்குப்பேணி. ஒரு பாக்குவெட்டி. அம்மம்மாவின் தம்பி கூத்தாடிய காலத்தில் தலையில் வைத்த முடி, அதோடு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு கூத்துக் கொப்பி. "இனி இதை வீட்டில வைச்சுக் காப்பாத்தேலாது தம்பி" என்றார் மாமா. அது சரிதான். ஆனால் எங்கே கொடுப்பது என்று கேட்டபோது ஆளுக்கொரு பதில் வந்தது. கொழும்பு நூதனசாலைக்கு அனுப்பலாம் என்றார் அண்ணா. கோயிலில் ஒப்படைக்கலாம் என்றார் மாமா. ஊரிலேயே ஓர் அறையில் வைக்கலாம் என்றாள் பாடசாலையில் கற்பிக்கும் அக்கா. படம் எடுத்து இணையத்தில் ஏற்றினால் போதாதா என்று கேட்டான் அவளுடைய மகன்.

அன்றிலிருந்து நான் விசாரித்ததையும் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி எங்கள் வீட்டோடு முடிவதில்லை. 1990 இலும் 2006 இலும் இடம்பெயர்ந்த ஊர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. 2004 இல் கடல் வந்து அள்ளிக்கொண்டு போன வீடுகளும் உண்டு. அவ்வளவுக்கும் தப்பி ஒரு வீட்டில் பெட்டகம் மிஞ்சியிருந்தால், அதற்குள் இருப்பது பக்கத்து வீட்டுக்காரரின் நினைவும்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவற்றைத்தான் தொல்பொருள் என்கிறது. நிலத்துக்குள்ளிருந்து புதிதாக வெளிப்படும் தொல்பொருள் அரசுக்கு உரியது. தோட்டத்தில் கிடைத்தது என்பதற்காக மட்டும் அது காணிக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. கிணறு வெட்டும்போது சிலையோ கல்வெட்டோ தட்டுப்பட்டால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பதைத் தவிர வேறு தெரிவு கிடையாது. எங்கள் பெட்டகத்தில் இருந்தவை தலைமுறையாகக் கைமாறி வந்தவை, பெரும்பாலும் போன நூற்றாண்டுக்குரியவை. அதனால்தான் முடிவு எங்கள் கையில் இருந்தது.

கொழும்பிலிருந்து தொடங்குவோம். தேசிய நூதனசாலை 1877 இல் திறக்கப்பட்டது. பழுதுபார்க்கப் பயிற்சி பெற்றவர்கள், பதிவேடு, காவல், சட்டப் பாதுகாப்பு எல்லாம் அங்கே உண்டு. காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. 1409 ஆம் ஆண்டுக்குரிய அந்தக் கல்லில் சீனமும் பாரசீகமும் தமிழும் ஒன்றாக நிற்பதை முதல்முறை பார்த்தபோது நான் நெடுநேரம் நகரவில்லை. அப்படிப்பட்ட பொருளுக்கு அந்த இடம் பொருத்தம்தான். நாடு முழுவதும் பார்க்க வேண்டிய கல் அது.

எங்கள் மரைக்காலை அங்கே கொண்டுபோனால்? அதைப்போல நூறு மரைக்கால் வரலாம். பெரிய நூதனசாலை எதுவும் தன்னிடம் உள்ளதில் சிறு பகுதியைத்தான் காட்சிக்கு வைக்க முடியும், மற்றது களஞ்சிய அறையில் கிடக்கும். பாதுகாப்பும் முழுமையானது அல்ல. 2012 மார்ச்சில் அதே நூதனசாலையில் களவு போனது, பழைய நாணயங்களும் வாள்களும் காணாமற்போயின. அதைவிட என்னை யோசிக்க வைப்பது தூரம். திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். தம்பலகாமத்துப் பிள்ளை தன் வாழ்நாளில் ஒருமுறை சுற்றுலாவில் போய், மணி அடிப்பதற்குள் பார்த்துவிட்டு வரும்.

தூரம் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் கரையிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் பொன்முலாம் பூசிய தாரா தேவி சிலை ஒன்று நிற்கிறது. 143 சென்ரிமீற்றர் உயரம், எட்டாம் நூற்றாண்டு அளவில் வார்த்தது. இலங்கையில் பிரித்தானிய ஆளுநராக இருந்த பிரவுண்றிக் அதை 1830 இல் அந்த நூதனசாலைக்குக் கொடுத்தார். சிலைக்குக் குறை ஒன்றும் இல்லை, நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அது கிடைத்த இடம் என்று எழுதியிருப்பது திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதி என்றுதான். எந்த ஊர், யாருடைய காணி, பக்கத்தில் விகாரையின் அடித்தளம் ஏதும் இருந்ததா, ஒன்றும் இல்லை. வெருகலா, ஈச்சிலம்பற்றா, வாகரையா என்று இன்று யாரைக் கேட்பது? உலோகம் பிழைத்துக்கொண்டது, ஊர் தொலைந்துபோனது. நான் எந்த நூதனசாலையைப் பற்றி யோசித்தாலும் இந்தச் சிலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் திருகோணமலை நகரம். ஒல்லாந்தர் காலக் கட்டிடம் ஒன்றைத் திருத்தி 2013 இல் திறந்த கடல்சார், கடற்படை வரலாற்று நூதனசாலை இருக்கிறது. நகரத்துக்கு வருகிற எவருக்கும் அதைப் போய்ப் பார்க்கச் சொல்வேன், கட்டிடமே பார்க்க வேண்டிய ஒன்று. கடற்படையினரின் ஹூட்ஸ் கோபுர நூதனசாலையும் உண்டு. ஆனால் இரண்டும் துறைமுகத்தைப் பார்த்து நிற்பவை. கப்பல், பீரங்கி, இங்கே வந்துபோன அரசுகள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வெள்ளாண்மை செய்த குடும்பத்தின் மரைக்கால் அங்கே விருந்தாளியாகத்தான் இருக்கும். பழைய கரைவலைச் சாமானோ தோணியின் துடுப்போ வைத்திருக்கிற குடும்பமாக இருந்தால் இதே தெரிவை நான் முதலில் சொல்லியிருப்பேன்.

மாமாவின் தெரிவு கோயில். அவர் அதற்குச் சொன்ன காரணத்தை எளிதில் தள்ள முடியாது. 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலை மலைமேல் நின்ற கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். இரட்டைக் கயல் மீன் சின்னத்தோடு தமிழ்க் கல்வெட்டுத் துண்டு ஒன்று இன்றைக்கும் கோட்டை வாசலில் இருக்கிறது, மலைக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். இடிப்பதற்கு முன் மக்கள் திருவுருவங்களை மண்ணில் புதைத்தார்கள், சிலவற்றை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயில் அந்த ஓட்டத்தின் தொடர்ச்சி என்றுதான் எங்கள் ஊர் நம்புகிறது. 1950 இல் நகரத்தில் கிணறு வெட்டியபோது வெண்கலத் திருமேனிகள் சில வெளிவந்தன. அவை கண்ணாடிப் பெட்டிக்குள் போகவில்லை, பூசைக்குத் திரும்பின. 1963 இல் மலையில் குடமுழுக்கு நடந்தது. "முந்நூறு வருசத்துக்கு மேல மண்ணுக்குள்ள கிடந்ததை ஆர் காப்பாத்தினது? நூதனசாலையா?" என்று மாமா கேட்டார்.

வழிபாட்டுப் பொருளுக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி. பூசை நடக்கிற திருவுருவத்தைக் காட்சிப் பொருளாக்க நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் கோயிலுக்கு அதன் வேலை பூசை, பழமையைப் பார்ப்பது அடுத்த வேலைதான். எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில் திருப்பணி நடந்தபோது உடைந்த பழைய மரவாகனங்களை மடப்பள்ளிக்கு விறகாக்கிவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. புது வாகனம் வந்துவிட்டது, பழையதற்கு இடம் இல்லை. நிருவாக சபை மாறும்போது திறப்புக் கொத்தும் மாறும், அலுமாரிக்குள் என்ன இருந்தது என்ற தகவல் மட்டும் மாறிய கைக்கு வராது. மூக்குப்பேணியையும் மாட்டு வாகடத்தையும் அங்கே கொடுத்தால் பத்திரமாகப் பூட்டி வைப்பார்கள். பூட்டியே வைப்பார்கள்.

மருமகன் சொன்ன வழியை நான் ஆரம்பத்தில் அவ்வளவு பெரிதாக எடுக்கவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் போயின. ஒரே படிதான் இருந்தது என்பதால் சில என்றைக்குமாகப் போய்விட்டன. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளம் இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சுவடிகளையும் யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. எங்கள் சுவடிக்கட்டைக் கையில் எடுத்தால் இதன் அவசரம் புரியும். மேற்சட்டப் பலகைக்குக் கீழே முதல் ஏட்டில் ஒரு பூச்சித்துளை, அதே இடத்தில் கடைசி ஏடு வரை நேராக இறங்கியிருக்கிறது. ஒவ்வோர் ஏட்டிலும் இரண்டு மூன்று எழுத்து இல்லை. மாட்டுக்கு வாய்நோய் வந்தால் என்ன மருந்து என்ற வரியில் மருந்தின் பெயர் இருந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. அடுத்த மாரிக்குள் இன்னும் எத்தனை எழுத்துப் போகுமோ.

ஆனால் படம் எழுத்தைத்தான் காப்பாற்றும். மரைக்காலைப் படம் எடுத்து வைத்து என்ன செய்வது? அதைக் கையில் தூக்கினால்தான் அதன் கனம் தெரியும். உள்ளே கைவிட்டால் நெல் உரசி உரசி மரம் கண்ணாடிபோல வழுவழுப்பாகியிருப்பது தெரியும்.

அக்கா சொன்ன ஊர் நூதனசாலையைப் பற்றி நான் கூடுதலாக எழுதப் போகிறேன். அதில்தான் ஆசையும் அதிகம், ஆபத்தும் அதிகம். அது நடக்காத காரியம் இல்லை. காத்தான்குடியில் முஸ்லிம் மக்களின் வாழ்க்கையைக் காட்டும் பூர்வீக நூதனசாலை இருக்கிறது. யாழ்ப்பாணத்து நாவற்குழியில் சிவபூமி அறக்கட்டளை 2020 இல் ஒன்றைத் திறந்தது. இரண்டும் தலைநகரில் இல்லை, அந்தந்த ஊரிலேயே நிற்பவை. எங்கள் ஊருக்கு அவ்வளவு பெரிய கட்டிடம் தேவையில்லை. பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ பிரதேச சபை நூலகத்திலோ கூரை ஒழுகாத ஓர் அறை போதும்.

ஆபத்து என்னவென்று எங்களுக்கே அனுபவம் உண்டு. பத்து வருடத்துக்கு முன் ஒரு பாடசாலைக் கண்காட்சிக்கு அம்மம்மாவின் பித்தளை வெற்றிலை வட்டாவைக் கொடுத்தோம். கண்காட்சி நன்றாக நடந்தது. வட்டா திரும்பி வரவில்லை. பொறுப்பாக இருந்த ஆசிரியர் இடமாற்றத்தில் போய்விட்டார், பிறகு வந்தவருக்கு எதுவும் தெரியாது. நாங்களும் ஒரு துண்டுக் கடதாசியில்கூட எழுதி வாங்கவில்லை. ஊர் நூதனசாலைகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். ஒருவர் உழைப்பில் தொடங்கும், அவர் போனதும் அறை களஞ்சியமாகிவிடும், அப்புறம் கறையான் வரும்.

இருந்தும் மரைக்காலை ஊரில்தான் வைக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் அம்மம்மா. அதை விறாந்தையில் கண்டதும் அவர் எழுந்து வந்து, தலைகீழாகக் கிடந்ததை நிமிர்த்தி வைத்தார். "கவிட்டு வைக்கப்படாது." பிறகு சூடடிக்கும் களமான களவெட்டியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அங்கே நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். அளக்கும்போது ஒன்று என்று தொடங்கக்கூடாது, லாபம் என்று தொடங்கி அடுத்ததை இரண்டு என்று எண்ண வேண்டும். கடைசி மரைக்காலைத் தலை தட்டாமல் குவித்து விடுவார்கள், அது யாருக்கு என்று ஒரு கணக்கு இருந்தது. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அப்பால் நின்ற அயல்வீட்டு ஐயா, "எங்கட பக்கம் அப்படி இல்லை அக்கா" என்று திருத்தினார். அரை மணி நேரம் இருவரும் வாதாடினார்கள். அக்கா எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டாள்.

கொழும்பில் அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் "நெல் அளக்கும் மரைக்கால், கிழக்கு மாகாணம்" என்று அட்டை இருக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே வேலிக்கு அப்பால் நின்று திருத்த ஆள் இல்லை.

ஊரில் வைப்பதால் வருகிற இன்னொரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூக்குப்பேணிகளில் ஒன்றின் கழுத்தில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் இருக்கின்றன, பூட்டியின் பெயரின் முதல் எழுத்தும் ஊரின் முதல் எழுத்தும். ஒவ்வொரு பொங்கலுக்கும் புளி போட்டு மினுக்கி மினுக்கி அவை பாதி அழிந்துவிட்டன. (வீட்டில் பழைய பித்தளை, செம்பு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள். பளபளப்பு வரும், எழுத்துப் போய்விடும். மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.) வாய் படாமல் அண்ணாந்து குடிக்கத்தான் அந்த மூக்கு என்று எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்தார்கள். இந்த முறை அம்மம்மா மற்றதையும் சொன்னார். வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் அதில் தண்ணீர் கொடுக்கவில்லை. வயலில் வேலை செய்துவிட்டு வந்த சிலருக்குச் சிரட்டைதான். அவர் அதைத் தலை குனிந்துதான் சொன்னார்.

அட்டையில் இதை எழுதுவோமா? ஊர் அறையில், அந்தச் சிரட்டையில் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் வந்து பார்க்கப்போகிற இடத்தில்? அக்கா எழுத வேண்டும் என்கிறாள். மாமா வேண்டாம் என்கிறார். நான் அக்காவின் பக்கம். எழுதாமல் விட்டால் ஊர் நூதனசாலை எங்கள் வீட்டுப் பெருமைக்கு அடித்த சுவரொட்டியாகிவிடும். அத்தோடு, அந்த வீட்டாரிடமும் கேட்டு, அவர்கள் வைத்திருக்கிற கருவிகளுக்கும் அதே அலுமாரியில் அதே உயரத்தில் இடம் கொடுக்க வேண்டும். கிண்ணியாவிலிருந்து வெள்ளாண்மைக்கு வந்துபோன குடும்பங்களிடமும் கேட்க வேண்டும். ஒரு களவெட்டியில் எல்லாருடைய கையும் பட்டிருக்கிறது.

சரி, முடிவுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுப்பது என்று யோசித்ததுதான் எங்கள் பிழை. காற்றையும் ஈரத்தையும் அளந்து பார்க்க ஆள் இல்லாவிட்டால் அழிந்துபோகிற பொருள் ஒருவகை. அதைப் பற்றிக் கதைக்க ஆள் இல்லாவிட்டால் அழிந்துபோகிற பொருள் இன்னொரு வகை. சுவடி முதலாவது வகை. கச்சான் காற்றில் ஏடு காய்ந்து முறுகும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். முன்பெல்லாம் சரஸ்வதி பூசைக்கு வெளியே எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசுவார்கள், அந்தப் பழக்கமும் எங்கள் வீட்டில் விட்டுப்போனது. ஆகவே முதலில் முழுக்கப் படம் எடுப்பது, பிறகு மூல ஏட்டைக் கொழும்பு நூதனசாலை நூலகத்துக்கே கொடுப்பது. அங்கே சுவடிகளின் பெரிய தொகுதி இருக்கிறது, எலுமிச்சம்புல் எண்ணெய் தடவத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. ஊர்ப்பற்று உள்ளவன் இப்படிச் சொல்லலாமா என்று மாமா கோபித்துக்கொண்டார். ஊரில் வைத்து அதைப் பொடியாக்குவதைவிட இது மேல் என்பது என் தீர்மானமான எண்ணம். அச்சிட்ட படி ஒன்று ஊர் அறையில் இருக்கும், மாடு வளர்க்கிறவர்கள் புரட்டிப் பார்க்கலாம்.

கூத்து முடியை எந்த நூதனசாலைக்கும் கொடுக்கவில்லை. அம்மம்மாவின் தம்பியிடம் கூத்துப் பழகியவர் இன்னும் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார். கண்ணாடித் துண்டுகள் சில உதிர்ந்திருக்கின்றன, அவரே ஒட்டித் தருவதாகச் சொன்னார். கொப்பியைப் படம் எடுத்துவிட்டு அதையும் அவரிடமே விட்டோம்.

மரைக்காலும் பாக்குவெட்டியும் பாடசாலையில் அமையும் ஊர் அறைக்குப் போகின்றன. இம்முறை எழுத்தில் கொடுக்கிறோம். நன்கொடை என்று எழுதவில்லை, ஐந்து வருட இரவல் என்று எழுதியிருக்கிறோம். பொருளின் படம், அளவு, ஏற்கெனவே உள்ள கீறல்கள் எல்லாம் அதில் உண்டு. பதிவேடு இரண்டு படி, ஒன்று பாடசாலையில், மற்றது அறைக்கு வெளியே கிராம அபிவிருத்திச் சங்கத்தில். திறப்பும் இரண்டு, இரண்டு பேரிடம். அறை மூடப்பட்டால் பொருள் யாரிடம் திரும்ப வேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொன்னேன். அதிபர் முதலில் கொஞ்சம் தயங்கினார், வட்டாவின் கதையைச் சொன்னதும் கையெழுத்திட்டார். இலக்கத்தைப் பொருளில் பசைநாடாவால் ஒட்டாமல் பருத்தி நூலில் அட்டை கட்டித் தொங்கவிட்டோம்.

மூக்குப்பேணிகள் இன்னும் அம்மம்மாவின் அலுமாரியில்தான். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா அட்டைக்கு எழுதிய வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டினாள். கேட்டு முடித்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தவர்களில் இரண்டு பேரின் பெயரைச் சொன்னார். அவர்களுடைய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கச் சொன்னார். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.